மாத்திரை அட்டையில் எழுதப்படாதது: செலியாக் நோயும் குளூட்டன் இல்லாத மருந்தும்

இந்தியாவில் விற்கப்படும் மாத்திரை அட்டைகளின் பின்புறத்தில், மருந்தின் பெயரும் அளவும் அச்சிடப்பட்ட இடத்துக்குக் கீழே, பெரும்பாலும் "எக்சிபியன்ட்ஸ் கியூ.எஸ்." என்றொரு குறிப்பு இருக்கும். எக்சிபியன்ட் என்பது மருந்துடன் சேர்க்கப்படும் துணைப்பொருள். கியூ.எஸ். என்பது "போதிய அளவு" என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம். துணைப்பொருள்கள் தேவையான அளவு சேர்க்கப்பட்டுள்ளன என்பதே இக்குறிப்பின் கருத்து. அவை எவை, எதிலிருந்து எடுக்கப்பட்டவை என்ற விவரம் அதில் இல்லை.

ஒரு மாத்திரையின் எடையில் மருந்தின் பங்கு பல சமயம் மிகச் சிறியது. தைராய்டு குறைபாட்டுக்குத் தரப்படும் லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் மாத்திரையை எடுத்துக்கொண்டால், மொத்த எடை மருந்தின் எடையைப்போல ஆயிரம் மடங்குக்கும் அதிகம். மீதி எல்லாம் மாவுச்சத்து, பாற்சர்க்கரை, செல்லுலோசு, உராய்வு குறைக்கும் தூள், மேற்பூச்சு, நிறம் ஆகியவையே. பெரும்பாலானோருக்கு இந்த விவரம் தேவைப்படுவதில்லை. கோதுமைப் புரதம் குடலைச் சேதப்படுத்தும் செலியாக் நோயாளிக்கு மட்டும் அந்த மாவுச்சத்து எந்தத் தானியத்தினுடையது என்பது ஒரு கேள்வி. நாள்தோறும், ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டியவராக இருந்தால் அது சிறிய கேள்வி அல்ல.

நோய் கண்டறியப்பட்ட வரலாறு

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுதியே குளூட்டன். மரபு வழியில் அதற்கு ஆட்படும் தன்மை கொண்டவர்களிடம் உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் குளூட்டனைக் கண்டு கிளர்ந்து தன் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தட்டையாகி, உண்ட உணவு உடலில் சேராமல் போகிறது. வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு, இரத்தசோகை, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு ஆகியவை வழக்கமான அறிகுறிகள். வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாமல், இரும்புச்சத்துக் குறைவு மட்டும் தெரிகிற நோயாளிகளும் உண்டு.

இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ 1888-இல் இந்நோயைத் தெளிவாக வருணித்தார். உணவுதான் மருந்தாக இருக்க முடியும் என்று அவர் ஊகித்தார், ஆனால் எந்த உணவு என்று அவருக்குத் தெரியவில்லை. 1924-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையைப் பரிந்துரைத்தார். பல குழந்தைகள் அதனால் தேறினர். வாழைப்பழம் குணப்படுத்தியதாகவே எல்லோரும் நினைத்தனர். உண்மையில் அந்த உணவுமுறையில் ரொட்டி இல்லாததே காரணம்.

அதைக் கண்டவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் நாசிப் படைகளின் முற்றுகையால் அந்நாட்டில் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி கிடைக்காமல் போனது. மற்றவர்கள் பட்டினியால் வாடிய அதே காலத்தில் செலியாக் குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் அவர்களுக்கு நோய் மீண்டது. பஞ்சத்தில்தான் அவர் இதைக் கண்டுபிடித்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் டிக்கே அதற்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்து, கோதுமையற்ற உணவை முயன்று பார்த்து, 1941-இல் அதைப் பற்றி எழுதியும் இருந்தார். பஞ்சம் அவருடைய ஐயத்தை உறுதிப்படுத்தியது என்பதே பொருத்தம். 1950-இல் அவர் தம் ஆய்வேட்டை உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்தார். தீங்கு செய்வது கோதுமையின் மாவுச்சத்து அல்ல, அதனுடன் ஒட்டியிருக்கும் புரதமே என்பதை அவரும் வான் டி காமர், வைஜர்ஸ் ஆகியோரும் அடுத்த சில ஆண்டுகளில் நிறுவினர். மாத்திரை பற்றிய பிற்கால விவாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. கோதுமை மாவுச்சத்து முற்றிலும் தூய்மையாக இருந்தால் தீங்கில்லை. புரதம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதே கேள்வி.

வட இந்தியாவும் வேலூரும்

வட இந்தியக் குழந்தைகளிடம் செலியாக் நோய் இருப்பதை வாலியா, டாண்டன், கை முதலிய மருத்துவர்கள் 1966-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதே ஆண்டில் பெரியவர்களிடம் கண்ட நோய் பற்றிய இந்தியக் கட்டுரையும் அவ்விதழில் வந்தது. அதுவரை அது ஐரோப்பியரின் நோய் என்று கருதப்பட்டு வந்தது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு மருத்துவர்கள் வேறொரு நோயுடன் போராடிக்கொண்டிருந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் கொள்ளைநோய்போலப் பரவிய வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயை ஆராய்ந்தனர். அதிலும் தொடர் வயிற்றுப்போக்கு உண்டு, குடலுறிஞ்சிகளும் சிதைகின்றன. ஆனால் அதற்குக் கோதுமை காரணம் அல்ல. ஃபோலிக் அமிலத்தாலும் டெட்ராசைக்ளினாலும் பலர் குணமடைந்தனர். தென்னிந்தியாவில் குடல் சுருங்கிய நோயாளியைக் கண்டால் மருத்துவரின் மனத்தில் ஸ்ப்ரூ முதலில் வருவதும் செலியாக் வராமலே போவதும் இவ்வாறு வழக்கமாயின.

அந்த வழக்கத்துக்கு ஆதாரமும் இருந்தது. பி. எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா முதலியோர் வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். தெற்கில் ஆய்வு நடந்த இடம் வேலூர். வடக்கில் ஆயிரம் பேரில் 8.5 பேருக்குச் செலியாக் நோய் இருந்தது. வடகிழக்கில் அது 4.7. தெற்கில் 0.11, அதாவது ஏறத்தாழ 9,000 பேரில் ஒருவர்.

அதே ஆய்வின் இன்னொரு பகுதிதான் தமிழ்நாட்டுக்கு முக்கியமானது. நோய்க்கு அடிப்படையான எச்.எல்.ஏ. மரபணுக்கள் மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில், மூவரில் ஒருவருக்கு என்ற அளவில், இருந்தன. வேறுபட்டது உணவு. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கில் அது 25 கிராம். தமிழரின் உடலில் காப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அரிசிச் சோறுதான் காப்பாக இருந்திருக்கிறது. அந்தச் சோற்றின் இடத்தில் இன்று புரோட்டா, ரவா உப்புமா, சேமியா, பிஸ்கட் ஆகியவை வந்துகொண்டிருக்கின்றன. 2022-இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலிலும் ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமாக்கள் உள்ளன. இத்திட்டத்தைக் குறை சொல்ல இது காரணமாகாது. மருத்துவர்கள் பழைய எண்ணிக்கையையே நம்பியிருக்க முடியாது என்பதற்குக் காரணமாகும்.

செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று செல்லும் தொழிற்பகுதியிலும் தெற்கே ஒரகடத்திலும் வேறொரு மாற்றம் நடந்திருக்கிறது. கார், கைப்பேசி, உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்காக பீகார், உத்தரப் பிரதேசம், சார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து தங்கியுள்ளனர். ஆயிரத்தில் எட்டுப் பேர் என்ற கணக்குள்ள வட்டாரத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், ஒன்பதாயிரத்தில் ஒருவர் என்ற கணக்கில் பழகிய மருத்துவரிடம் இரத்தசோகைக்காகச் செல்கிறார். அவருக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதப்படும், செலியாக் எதிர்ப்பொருள் சோதனை எழுதப்படுவது அரிது.

நோயாளியின் உணவே கோதுமை

தமிழ்நாட்டில் இந்நோயாளிக்குள்ள சங்கடம் வேறு வகையானது. அன்றாட உணவான இட்லி, தோசை, சோறு, இடியாப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எதிலும் குளூட்டன் இல்லை. உடம்புக்கு முடியாதவர்களுக்கு என்று வீட்டில் கொடுப்பவற்றில்தான் அது இருக்கிறது. காய்ச்சல் வந்தால் பாலில் தொட்ட பன்னும் ரொட்டியும். நீர்க்கடுப்புக்கு பார்லித் தண்ணீர். மருத்துவமனையில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். 1873-இல் அமெரிக்காவில் ஹார்லிக் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனத்தின் அந்த மாவு கோதுமையும் முளைகட்டிய பார்லியும் சேர்ந்தது.

எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தப்புவது பெருங்காயம். வயிற்று உப்புசத்துக்கு மோரில் கரைத்துக் கொடுக்கும் கைமருந்து அது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். கடும் மணமுள்ள பிசினைக் கோந்துடனும் மாவுடனும் கலந்து கட்டியாகவோ தூளாகவோ ஆக்குகிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு. வயிற்றுக்கோளாறுக்காக இதைக் குடிக்கும் செலியாக் நோயாளி நோயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறார். உணவுப் பொருள் என்பதால் இதன் உறையில் சேர்மானம் அச்சிடப்பட்டிருக்கும், படித்தால் தெரிந்துவிடும். மாத்திரையில் அந்த வசதி இல்லை.

மாத்திரைக்குள் மாவு வந்த வழி

மருந்தையும் மாவையும் சேர்த்து உருட்டுவது பழைய வழக்கம். ஐரோப்பிய மருத்துவர்கள் மருந்து தேவைப்படாத நோயாளியைத் திருப்திப்படுத்த ரொட்டியை உருட்டி மாத்திரையாகக் கொடுத்ததுண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் 1807-இல் எழுதிய கடிதமொன்றில் இந்த ரொட்டி மாத்திரை குறிப்பிடப்படுகிறது. வெற்று மாத்திரை என்று சொல்லப்பட்டது செலியாக் நோயாளிக்கு மட்டும் வெற்றாக இருந்திருக்காது.

1843-இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரோக்கெடன் தூளை அச்சில் அழுத்தி மாத்திரையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தப்பட்ட மாத்திரை உடையாமல் கடைவரை வரவும் வேண்டும், வயிற்றில் உடனே கரையவும் வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரு வேலையையும் செய்யக் கிடைத்த மலிவான பொருள் மாவுச்சத்து. கூழாகக் காய்ச்சினால் அது தூளைப் பிணைக்கும். உலர்ந்த நிலையில் சேர்த்தால் தண்ணீர் பட்டதும் ஊதி மாத்திரையைப் பிளக்கும்.

எந்தத் தாவரத்தின் மாவுச்சத்து என்பதை அந்தந்த நாட்டில் மலிவாகக் கிடைத்த பயிர் தீர்மானித்தது. மருந்தியல் கல்லூரி மாணவர்கள் இன்றும் அவற்றை நுண்ணோக்கியில் பிரித்தறியப் பயில்கிறார்கள். உருளைக்கிழங்கின் மணி பெரியது, சிப்பிபோல் வரிவரியானது. அரிசியின் மணி மிகச் சிறியது, பல கோணங்கள் கொண்டது. மக்காச்சோள மணியின் நடுவில் விண்மீன்போல் வெடிப்பு தெரியும். கோதுமையில் அவரைப்பருப்புபோல் தட்டையான பெரிய மணிகளும் உருண்டையான சிறு மணிகளும் கலந்திருக்கும். ஒரு நுண்ணோக்கியும் ஒரு சொட்டு அயோடினும் இருந்தால் எது என்று சொல்லிவிடலாம். நோயாளிக்கு எட்டாத இந்த விடை ஆய்வகத்தில் முதலாண்டு மாணவனுக்கே எட்டுவது இவ்விஷயத்தின் விசித்திரம்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது மலாயா, சாவகம் ஆகிய இடங்களிலிருந்து வந்த மாவுச்சத்தும் சவ்வரிசியும் நின்றுபோயின. 1943-இல் சேலத்தில் கருவாட்டு வணிகரான மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவருடன் சேர்ந்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுக்கத் தொடங்கினார். அத்தொழில் சேலம், நாமக்கல் வட்டாரம் முழுவதும் பரவி, 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. சேலம் சவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மரவள்ளி மாவில் குளூட்டன் கிடையாது. இந்திய மருந்து ஆலைகள் பெரிதும் பயன்படுத்தும் மக்காச்சோள மாவிலும் செலியாக் நோயாளிக்குத் தீங்கு தரும் குளூட்டன் கிடையாது. ஆகவே இந்திய மாத்திரை ஒன்றில் கோதுமை மாவுச்சத்து இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. வாய்ப்பு குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. நோயாளிக்கு வேண்டியது இரண்டாவது.

சட்டம் கேட்ட கேள்வி

1930-இல் பிரித்தானிய இந்திய அரசு ஆர். என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழுவை அமைத்தது. போலி மருந்துகளும் வீரியம் குறைந்த மருந்துகளும் சந்தையில் மலிந்திருந்த காலம் அது. அக்குழுவின் பரிந்துரைகளின் தொடர்ச்சியாக வந்ததே 1940-ஆம் ஆண்டு மருந்துகள் சட்டம். 1945-இல் விதிகள் வந்தன. அட்டையில் மருந்தின் பெயர், அளவு, தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை இருக்க வேண்டும். சொன்ன மருந்து சொன்ன அளவில் இருக்கிறதா என்பதே இச்சட்டம் கேட்ட கேள்வி. அக்காலத்துக்கு அது சரியான கேள்வி. வேறு என்ன இருக்கிறது என்று அது கேட்கவில்லை. நிறமிகளைக் குறிப்பிடும் விதி மட்டும் உண்டு. அதனால்தான் மாத்திரைக்கு மஞ்சள் நிறம் தந்த சாயத்தின் பெயரை அட்டையில் படிக்கலாம், அதன் உடலாகிய மாவின் பெயரைப் படிக்க முடியாது.

துணைப்பொருள் செயலற்றது என்ற நம்பிக்கை மற்ற நாடுகளில் பல முறை உடைந்திருக்கிறது. 1960-களின் இறுதியில் ஆத்திரேலியாவில் வலிப்பு நோய்க்கான பெனிட்டாயின் குளிகையில் நிரப்புபொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டுப் பாற்சர்க்கரையைச் சேர்த்தனர். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் அது உடலில் முன்னைவிட அதிகமாகச் சேர்ந்து பல நோயாளிகளிடம் நச்சு அறிகுறிகளை உண்டாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று மருந்துடன் வரும் தாளில் துணைப்பொருள்கள் அனைத்தும் எழுதப்படுகின்றன. கோதுமை மாவுச்சத்து இருந்தால் அதைத் தனியே குறிப்பிட வேண்டும். 2017-இல் திருத்தப்பட்ட வாசகத்தின்படி, ஒரு மாத்திரையில் உள்ள குளூட்டனின் உச்ச அளவையும் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் உணவுக்கும் மருந்துக்கும் இடையே பெரிய இடைவெளி உள்ளது. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவையே குளூட்டன் அற்றது என்று விற்கலாம் என உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்துள்ளது. பிஸ்கட் உறையில் கோதுமை உண்டு என்று ஒவ்வாமை எச்சரிக்கை இருக்கும். அதே கடையில் வாங்கும் மாத்திரைக்கு இத்தகைய விதி பொருந்தாது. 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் விரைவுக் குறியீடு கட்டாயமாயிற்று. கைப்பேசியில் அதைப் படித்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி, நாள், உரிம எண் ஆகியவை வரும். இடப்பற்றாக்குறை என்ற பழைய காரணம் அந்தக் கட்டத்துக்குள் பொருந்தாது. ஆனாலும் துணைப்பொருள் பட்டியல் அதில் சேர்க்கப்படவில்லை.

சுங்குவார்சத்திரம், 2025

துணைப்பொருளைக் கவனிக்காததன் விலை எவ்வளவு உயரக்கூடும் என்பதை 2025 அக்டோபரில் இந்தத் தொழிற்பகுதியே காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இறந்தோர் எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. அவர்கள் குடித்த கோல்ட்ரிப் என்ற சிரப் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் ஆலையில் 2025 மே மாதம் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அத்தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 விழுக்காடு. ஆலையின் உரிமம் நீக்கப்பட்டது.

சளிக்கான மருந்தில் கோளாறு இல்லை. மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற துணைப்பொருள் வழியாகவே இந்த நச்சு சிரப்புகளில் நுழைவது வழக்கம். 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே நச்சு. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் உயிர்களைப் பறித்ததும் இதுவே.

இதையும் குளூட்டனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒன்று குற்றம், சில நாளில் கொல்லும் நச்சு. மற்றொன்று உணவுத்தரமான, சட்டப்படி சேர்க்கக்கூடிய பொருள், சிலருக்கு மட்டும் ஒவ்வாதது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அட்டையின் கடைசி வரி மட்டுமே. குடிப்பவர் கேட்டால் விடை கிடைக்காத இடம் அது.

உண்மையான அபாயம் எவ்வளவு

குளூட்டன் பற்றிய அச்சம் சில நேரம் குளூட்டனைவிடத் தீங்கு செய்யும். கணக்கு இது. 2007-இல் கத்தாசி முதலிய இத்தாலிய ஆய்வாளர்கள் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்டால் குடல் பாதிக்கப்படும் என்று காட்டினர். நாளுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஐரோப்பிய மருந்து நூலின்படி கோதுமை மாவுச்சத்தில் மொத்தப் புரதம் 0.3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு மாத்திரையில் 100 மில்லிகிராம் அத்தகைய மாவு இருந்தாலும் புரதம் 0.3 மில்லிகிராம்தான். ஒரு துண்டு ரொட்டியில் குளூட்டன் 2,000 மில்லிகிராமுக்கும் மேல். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 டிசம்பரில் வெளியிட்ட வரைவு வழிகாட்டியும் வாய்வழி மருந்துகளில் பெரும்பான்மையானவற்றில் குளூட்டன் அறவே இல்லை அல்லது இல்லை எனத்தக்க அளவே உள்ளது, ஒரு மாத்திரையில் 0.5 மில்லிகிராமுக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை என்று கூறியது. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலிருந்து பெற்ற பொருள் எதுவும் இல்லை என்று உண்மையானால் எழுதிக்கொள்ளலாம் என நிறுவனங்களுக்கு ஒரு வாசகத்தையும் பரிந்துரைத்தது.

ஆகவே வலிப்பு மாத்திரையையோ தைராய்டு மாத்திரையையோ சந்தேகத்தின் பேரில் தானே நிறுத்துவது, மாத்திரையில் இருக்கக்கூடிய கோதுமையைவிடப் பல மடங்கு ஆபத்தானது. அதிலும் இந்நோயாளிகளுக்குத்தான் மாத்திரை அதிகம் தேவைப்படுகிறது. தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படும். இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை மாதக்கணக்கில் எடுக்க நேரும். குடல் ஆறாத நிலையில் லெவோதைராக்சின் சரியாக உறிஞ்சப்படாததால் வழக்கத்தைவிட அதிக அளவு வேண்டியிருக்கும், உணவுமுறையால் குடல் ஆறியதும் அளவைக் குறைக்க வேண்டிவரும். நாளுக்கு ஒன்று என்றால் கவலையில்லை. ஐந்தாறு மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவருக்குக் கேட்கும் உரிமை கூடுதலாகவே உண்டு. ஊசி மருந்து குடல் வழியே செல்லாததால் அங்கு இக்கேள்வி எழுவதில்லை.

கேட்பதற்கான வழி நேரானது, ஆனால் மெதுவானது. தயாரிப்பாளரின் முகவரியும் தொகுதி எண்ணும் அட்டையில் இருக்கின்றன. மாவுச்சத்து எந்தத் தாவரத்தினுடையது, தொழிற்சாலையில் கோதுமைப் பொருள் கையாளப்படுகிறதா என்ற இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்கலாம். குளூட்டன் உண்டா என்று மட்டும் கேட்டால் தெரியாது என்ற பதிலே வரக்கூடும், எந்த மாவு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர் ஆலையில் ஒருவராவது இருப்பார். பதிலில் வரும் பெயர்கள் சிலரைப் பயமுறுத்தும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரில் மால்ட் ஒலித்தாலும் அதற்கும் பார்லிக்கும் தொடர்பில்லை, பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வருவது. சோடியம் ஸ்டார்ச் கிளைக்கோலேட் பெரும்பாலும் உருளைக்கிழங்கினுடையது. தாவரத்தின் பெயர் சொல்லப்படாத வெறும் ஸ்டார்ச்தான் மேலும் கேட்கத்தக்கது.

கிடைத்த பதில் அந்த ஒரு நிறுவனத்தின் அந்த ஒரு தயாரிப்புக்கே பொருந்தும். ஒரே மருந்தை வேறு நிறுவனம் வேறு மாவில் செய்யலாம். 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி வழியே மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குத் தருகிறது. மருந்து விலை குறைந்து ஏழைகளுக்கு எட்டியதில் அதன் பங்கு பெரிது. ஒப்பந்தம் மாறும்போது தயாரிப்பாளரும் மாறுவார். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் மலிவு விலை மருந்துகள் கிடைக்கின்றன. பொதுப்பெயர் மருந்தை வாங்கும் நோயாளி, அட்டையின் நிறம் மாறிய மாதத்தில் தயாரிப்பாளர் பெயரையும் பார்த்து, மாறியிருந்தால் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். கழகத்தின் ஒப்பந்த நிபந்தனைகளில் மாவுச்சத்தின் தாவரப் பெயரை எழுதித் தரவேண்டும் என்ற ஒரு வரி சேர்ந்தால், இந்தக் கேள்வியை ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியே கேட்க வேண்டியதில்லை. மாத்திரையின் விலையும் அதனால் கூடாது.

உணவுமுறை தொடங்கிய ஆறு மாதத்தில் இருந்து ஓராண்டுக்குள் இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு குறையத் தொடங்க வேண்டும். குறையாவிட்டால் எங்கிருந்தோ குளூட்டன் வந்துகொண்டிருக்கிறது. அப்போது மருத்துவர்கள் முதலில் துருவிக் கேட்பது சமையலறையைப் பற்றித்தான். பெருங்காய டப்பா, கோதுமை தோசை சுட்ட கல், அரவை ஆலையில் கோதுமைக்குப் பின் அரைத்த அரிசி மாவு, பேருந்து நிலையத்தில் வாங்கிய மிக்சர் ஆகிய எல்லாம் கழிந்த பிறகே மாத்திரைகளின் பட்டியல் எடுக்கப்படுகிறது.